இடது குதிகால்

அந்த ஓட்டைக்கு அப்பால் பாடுகிற டேலின் முதுகு தெரியும், வியர்வையில் நனைந்து ஒட்டிக்கொண்ட கறுப்புச் சட்டை, அதற்குக் கீழே பூட்ஸ் போட்ட இரண்டு கால்கள், வலது கால் தாளத்துக்குக் குதித்துக்கொண்டே கிடக்கும், இடது கால் அப்படி இல்லை, தரையில் அடித்து இறக்கிய முளை மாதிரி நிற்கும், பாட்டு முடிகிற நேரம் பார்த்து அதன் குதிகால் மட்டும் மேடையைவிட்டு ஒரு விரற்கடை எழும்பும், எழும்பினால் ஆசீர் மூச்சை இழுத்துக்கொள்ள வேண்டும், ஏறக்குறைய முப்பது வருஷம் இதுதான் அவன் பார்த்த உலகம், கறுப்புத் திரையில் ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு ஓர் ஓட்டை, ஓரமெல்லாம் பொசுங்கிக் கட்டிதட்டிப்போய், அதுவும் டேல் சிகரெட்டால் சுட்டு உண்டாக்கியது, எண்பத்து நாலில் ஏதோ ஓர் ஊரில், ஊர்ப் பெயர் மறந்துவிட்டது, கருகிய துணியின் வாசனை மறக்கவில்லை, எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள், நீயும் பாரேன் என்று சொல்லிக்கொண்டே சுட்டான், சுட்டுவிட்டு அந்தப் பக்கத்திலிருந்து கண்ணை வைத்துப் பார்த்து, உள்ளே ஒரே இருட்டு, நீ இருக்கிறாயா என்று கேட்டான், இருக்கிறேன் என்றான் ஆசீர்.

இருக்கிறேன் என்று சொல்லத்தான் பாளையங்கோட்டையிலிருந்து அத்தனை தூரம் வந்தானோ என்னவோ, வந்தது எழுபத்தொன்பதில், ஒஹையோ மாநிலத்தில் இன்ஜினியரிங் படிக்க, கால்டர் என்கிற அந்த ஊரில் அப்போது இரும்பாலை ஓடிக்கொண்டிருந்தது, காலை ஆறு மணிக்கு ஆலைச் சங்கு ஊதினால் ஜன்னல் கண்ணாடி அதிரும், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆர்கன் வாசித்தால் மதியச் சாப்பாடு உண்டு என்றார்கள், அவனுக்கு ஆர்கனும் வரும் பசியும் வரும், வாசித்தான், ஆலையை இழுத்து மூடிய வருஷம் டேலின் அம்மா இறந்துபோக, அந்தக் கோயிலில்தான் கொண்டுவந்து கிடத்தினார்கள், அடக்கம் முடிந்ததும் உலையில் வேலை பார்த்து வேலை போன அந்த நெட்டையன் கண்ணைக்கூடத் துடைக்காமல் நேரே ஆர்கன் பக்கம் வந்து, நான் ஒரு பாட்டுக் குழு வைத்திருக்கிறேன், எங்களோடு வாசிக்கிறாயா என்று கேட்கிறான், பெற்றவளைப் புதைத்துவிட்டு வந்த கையோடு கேட்கிறவனிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது, குழுவுக்குப் பெயர் கோல்ட் ஃபர்னஸ், அணைந்த உலை, ஹார்ட் ராக் பாடுகிறார்கள், அது என்னது என்று அம்மா கடிதம் போட்டாள், கிடார் அலறும், டிரம் இடிக்கும், பாடுகிறவன் முடியை வளர்த்துக்கொண்டு கத்துவான், கேட்க வந்தவர்களும் கூடக் கத்துவார்கள் என்று ஆசீர் பதில் எழுதினான், நம்ம ஊரு சந்தையும் அப்படித்தான இருக்கு, அதுக்கா அமெரிக்கா போன என்று அடுத்த கடிதம் வந்தது.

ஹார்ட் ராக் கூட்டத்துக்கு ஒரு கிறுக்கு உண்டு, மேடையில் கிடார் நிற்கலாம், டிரம் நிற்கலாம், கீபோர்டு மட்டும் கண்ணில் பட்டுவிடக் கூடாது, பட்டால் போயிற்று, இவர்கள் முன்னைப்போல் இல்லை, குழைந்துவிட்டார்கள் என்று ரசிகன் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வான், ஆனால் கீபோர்டு இல்லாமலும் ஆகாது, சத்தம் தண்ணீர் விட்ட மோர் மாதிரி ஆகிவிடும், அதனால் கொடிகட்டிப் பறந்த குழுக்கள்கூட ஒருவனைத் திரைக்குப் பின்னால் உட்கார்த்தி வைத்திருக்கும், இதை மேனேஜர் கிரெய்க் கூச்சமே இல்லாமல் விளக்கினான், சம்பளம் எல்லாரோடும் சமம், படத்தில் மட்டும் நீ கிடையாது, சரி, கல்யாண வீட்டில் சமையற்காரனா பந்தியில் வந்து உட்காருகிறான் என்று ஆசீர் தன்னைத்தானே தேற்றிக்கொண்டான், அன்று அவனுக்கு இருபத்தைந்து வயது, இருபத்தைந்து வயதில் எதைச் சொல்லியும் தேற்றிக்கொள்ளலாம். ஐந்து பேர் சேர்ந்து பாட்டுக் கட்டினார்கள், நாலு பேர் படத்தில் நின்றார்கள், எண்பத்து நாலில் கடைசி ஷிப்ட் என்ற பாட்டு வந்தது, ஆலை மூடிய நாளைப் பற்றிய பாட்டு, முடிவில் டேல் ஆலைச் சங்கு மாதிரியே ஒரு குரல் எழுப்புவான், தொண்டையின் உச்சிக்குப் போய்ப் பதினெட்டு விநாடி இறங்காமல் நிற்பான், அந்தப் பதினெட்டு விநாடிக்காக அமெரிக்கா முழுக்க ஜனம் திரண்டு வந்தது, பஸ் போய் விமானம் வந்தது, ஆயிரம் பேர் போய் முப்பதாயிரம் பேர் வந்தார்கள், பாளையங்கோட்டையில் அம்மா அடுத்த தெரு வீட்டில் வீடியோ கேசட் போட்டுப் பார்த்துவிட்டு டிரங்க் கால் போட்டாள், ஏல, ரெண்டு தடவ பாத்துட்டேன், நீ எங்கல இருக்க என்றாள், திரைக்குப் பின்னாடிம்மா, பின்னாடி இருந்து என்னல பண்ணுத, வாசிக்கேம்மா, நிமிஷத்துக்கு நிமிஷம் காசு ஏறுகிற டிரங்க் கால், சரி, காதுல கேக்குல்லா, அது போதும் என்று வைத்துவிட்டாள்.

அந்தத் திரைக்குப் பின்னால் அவனுக்கு ஒரு மைக் உண்டு, பாடுவதற்கு இல்லை, கூட்டத்துக்கு நடுவே பலகை வைத்து உட்கார்ந்து சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஆளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அதில் சொல்வான், அந்த ஆளின் காதுக்கு மட்டும் போகும், அரங்கத்துக்குப் போகாது, ஆசீருக்கோ வாசிக்கும்போது கூடவே பாடாவிட்டால் கை ஓடாது, கோயிலில் பாமாலை வாசித்த காலத்துப் பழக்கம், யாருக்குக் கேட்கப் போகிறது என்று டேலோடு சேர்ந்து அவனும் உச்சிக்குப் போய் வருவான், ஐந்து வருஷம் அப்படிப் போயிற்று, எண்பத்தொன்பதில் டெக்சஸில் ஒரு பெரிய அரங்கம், பலகையில் இருந்தவன் வேலைக்குச் சேர்ந்து மூன்றே நாள், எதையோ மாற்றுகிறேன் என்று ஆசீரின் மைக்கை அரங்கத்துக்குத் திறந்துவிட்டான், திறந்தது அவனுக்கே தெரியாது, ஓட்டையில் இடது குதிகால் எழும்புகிறது, ஆசீர் மூச்சை இழுக்கிறான், டேல் வாயைத் திறக்கிறான், வெறும் காற்றுதான் வருகிறது, யானைக்கும் அடி சறுக்கும் என்பார்களே, அப்படிச் சறுக்கியது, ஆனால் முப்பதாயிரம் பேருக்கும் குரல் கேட்கிறது, பதினெட்டு விநாடி, ஒரு பிசிறு இல்லாமல், போதாக்குறைக்கு முடியும் இடத்தில் சின்னதாக வழுக்கிக் கீழே போய் மறுபடி ஏறுகிறது, சின்ன வயதில் கோயில் பாடகர் குழுவில் ஆசீர் திட்டு வாங்கிய அதே இழுப்பு, ஜனம் வெறிபிடித்துக் கத்துகிறது, டேல் கையை விரித்தபடி நிற்கிறான், அந்த முதுகு நடுங்கியதைப் பார்த்தது ஆசீர் ஒருவன்தான்.

உள்ளே வந்த டேல் அறைக் கதவைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டான், அது நீதானே என்றான், நான் வேண்டுமென்று செய்யவில்லை என்றான் ஆசீர், தெரியும், நாளைக்கும் செய்வாயா என்று டேல் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டான், டாக்டர் சொல்லிவிட்டாராம், தொண்டையில் முடிச்சு விழுந்திருக்கிறதாம், மேல்சுரம் இனித் திரும்பாதாம், ஜனம் அந்த ஒரு சத்தத்துக்காகத்தான் என்னிடம் வருகிறது, அது போய்விட்டதென்று தெரிந்தால் நான் எங்கே போவேன், ஆலைக்குத் திரும்பலாமென்றால் ஆலையும் இல்லை, கிரெய்க்கையும் பலகைக்காரனையும் தவிர யாருக்கும் தெரிய வேண்டாம், என் கடைசி நிகழ்ச்சியில் இந்தத் திரையை நானே என் கையால் கிழித்து உன்னை முன்னால் நிறுத்துகிறேன், என் அம்மா மேல் சத்தியம். அந்த அம்மாவின் அடக்கத்துக்கு ஆர்கன் வாசித்தவனாயிற்றே, ஆசீர் சரி என்றான், பாவி, கையெழுத்துக் கேட்டிருந்தால்கூட யோசித்திருப்பான். அதற்குப் பிறகு அந்த இழுப்பைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதின, டேலின் குரலில் புதிதாக ஒரு துயரம் கனிந்திருக்கிறது என்றன, இளம் பாடகர்கள் அதைப் பார்த்துப் பழகினார்கள், ஆசீர் பஸ்ஸில் கால் நீட்டிப் படித்துச் சிரிப்பான், டேலும் சிரிப்பான், சிரித்து முடித்த பிறகு இருவரும் வேறு வேறு ஜன்னலைப் பார்ப்பார்கள்.

அம்மாவை ஏமாற்ற முடியவில்லை, அதுதான் சங்கடம், தொண்ணூறில் ஒரு நாள் போன் பண்ணினாள், அக்கா மகன் புதுக் கேசட் வாங்கிவந்து போட்டானாம், இந்தப் பய அந்த வெள்ளக்காரன் பாடுதாங்கான், கடைசில இழுக்கது நீதானல என்றாள், ஒத்திகை அறையில் எதிர் நாற்காலியில் டேல் உட்கார்ந்து பூட்ஸுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறான், இல்லம்மா, அது டேலு என்றான் ஆசீர், தன் பெயர் காதில் விழுந்ததும் டேல் தலைதூக்கிச் சிரித்தான், எனக்குத் தெரியாதால, ஆறு வயசுல இருந்து கேக்கேன் என்றாள் அம்மா, இல்லம்மா, அவன்தான் பாடுனான், நான் வாசிச்சேன், அவ்வளவுதான், தூரத்தில் கேசட் ஓடுவது போனில் கேட்டது, அவனுடைய குரலே கடல் தாண்டிப் போய்விட்டு அவனிடம் திரும்பி வந்தது, சரி ஐயா, நீ சொன்னா சரி என்றாள் அம்மா. அந்தச் சரி ஐயா இன்றைக்கும் ஆசீர் காதில் கிடக்கிறது, பெற்ற தாய் தன் பிள்ளையின் குரலை அடையாளம் கண்டு சொல்கிறாள், பிள்ளை இல்லை என்கிறான், என்ன பிழைப்பு.

ஏறும்போது படி ஒவ்வொன்றாகத் தெரியும், இறங்கும்போது படியே தெரியாது, தொண்ணூற்று இரண்டில் கிழிந்த ஸ்வெட்டர் போட்ட பையன்கள் வேறு மாதிரிப் பாட்டோடு வந்தார்கள், ரேடியோ அவர்கள் பின்னால் போய்விட்டது, முப்பதாயிரம் மூவாயிரமானது, மூவாயிரம் முந்நூறானது, அரங்கம் போய்ச் சூதாட்ட விடுதி, அதுவும் போய்ப் பன்றிக்கு எடை பார்த்துப் பரிசு கொடுக்கிற மாவட்டப் பொருட்காட்சி, அங்கும் அதே திரை, அதே ஓட்டை, அதே குதிகால், ஆசீரின் மனைவி கிரேஸ்லின் நாகர்கோவில்காரி, நர்ஸ், ஒங்களக் கெட்டுனதுக்கு அந்தத் திரையக் கெட்டியிருக்கலாம் என்று ஒரு நாள் சண்டை போடாமல் சாவகாசமாகச் சொல்லிவிட்டு, மகள் பெனிட்டாவைக் கூட்டிக்கொண்டு நியூஜெர்சிக்குப் போய்விட்டாள், அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. தொண்ணூற்றேழு கிறிஸ்துமஸுக்குப் பெனிட்டாவைப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போனான், ஏழு வயது, அம்மா படுக்கையில் கிடந்தபடி அவளைப் பக்கத்தில் இழுத்துக் காதில் என்னவோ சொன்னாள், சொல்லிவிட்டு இரண்டு பேரும் ஆசீரைப் பார்த்துச் சிரித்தார்கள், என்னம்மா சொன்ன என்றான், அது எங்களுக்குள்ள என்றாள் அம்மா, அடுத்த ஆவணியில் அவள் போய்விட்டாள், செய்தி வந்தபோது அவன் நெப்ராஸ்காவில் ஒரு பொருட்காட்சித் திடலில் இருந்தான், அன்று மாலையும் குதிகால் எழும்பியது, அன்றும் பாடினான், அடக்கத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை.

நடுவில் குழு கலைந்தது, பிறகு கூடியது, கலைந்த குழுக்கள் எல்லாம் என்றாவது கூடும், அதிலொன்றும் அதிசயமில்லை, பழைய ரசிகர்கள் தொப்பையும் வழுக்கையுமாகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள், டேலின் தொண்டையில் முடிச்சு விழுந்த இடத்திலேயே புற்று வைத்திருந்தது, அறுவைச் சிகிச்சையில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள், கடைசியாக ஆசீர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டேல் மடியில் ஒரு எழுதும் பலகை, அழித்து அழித்து எழுதுகிற வெள்ளைப் பலகை, அதில்தான் பேச்செல்லாம், திரையைக் கிழிக்க முடியாமல் போய்விட்டதே என்று எழுதினான், பரவாயில்லை என்றான் ஆசீர், டேல் ரொம்ப நேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்தான், பிறகு, நான் போன பிறகு நீயே சொல்லிவிடு என்று எழுதினான், எழுதியதைத் தானே பார்த்துக்கொண்டிருந்தான், பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சட்டைக் கையால் மெல்ல அழித்தான், அழித்த இடத்தில் வேறு எதுவும் எழுதவில்லை, ஆசீர் அவன் கையைப் பிடித்துக்கொண்டான், சொல்லச் சொன்னானா வேண்டாமென்றானா என்று கேட்கவும் முடியவில்லை, நாலு நாளில் டேல் போய்விட்டான்.

நினைவு நிகழ்ச்சியைக் கால்டரில் பழைய இரும்பாலை இருந்த மைதானத்தில் வைத்தார்கள், ஜூன் மாதத்துச் சனிக்கிழமை, பட்டப்பகல், நடுவில் டேலின் மைக்கைத் தனியாக நிறுத்தி அதன் காலடியில் அவன் பூட்ஸை வைத்தார்கள், இனி உன் இஷ்டம், முன்னால் வந்து நின்று பாடு, அல்லது பின்னாலேயே இருந்து பாடு, ஜனம் பழைய ஒலிப்பதிவு என்று நினைத்துக்கொள்ளும் என்றான் கிரெய்க், ஆசீர் ஒரு வாரம் தூங்கவில்லை, கடைசியில் முன்னால் வருவதென்று முடிவு செய்துவிட்டான், வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டான், பெனிட்டாவுக்குப் போன் செய்தான், இருபத்தைந்து வயதாகிவிட்டது அவளுக்கு, ஒரு நிகழ்ச்சிக்குக்கூட வந்ததில்லை, வந்து எதைப் பார்ப்பாள், இந்தத் தடவை நீ அப்பாவப் பாப்ப, முன்வரிசையில இரு என்றான், வந்தாள், முன்வரிசையில் நின்றாள், கடைசி ஷிப்ட் தொடங்கியது, ஆசீர் திரை ஓரத்தைக் கையில் பிடித்துவிட்டான், விலக்குமுன் பழக்க தோஷத்தில் ஓட்டை வழியாக ஒருமுறை பார்த்தான், அந்த முதுகு இல்லை, முதன்முதலாக அந்த ஓட்டையில் ஜனம் தெரிந்தது, வெயிலில் நின்று அழுகிறார்கள், ஆலையில் வேலை பார்த்த கிழவர்கள், டேலின் பெண்டாட்டி, யாரோ ஒருவன் தோளில் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு அந்த வெறும் மைக்கைக் காட்டுகிறான், இப்போது வரும் பார், இப்போது அவர் குரல் வரும் என்று அவன் சொல்வது ஆசீருக்குக் கேட்காமலே கேட்கிறது, இந்த வெள்ளைச் சட்டை அங்கே போய் நின்றால் டேல் இரண்டாவது தடவை சாவான், அழித்த பலகையில் இருந்தது அதுதான், ஆசீர் திரையைக் கைவிட்டான், பழைய இடத்தில் உட்கார்ந்தான், குதிகால் இல்லாமல் தானே மூச்சை இழுத்தான், பாடினான், தொண்டை கிழியப் பாடினான், பதினெட்டு விநாடி போய் இருபதும் தாண்டிற்று, டேலுக்கு, அம்மாவுக்கு, போக முடியாத அந்த அடக்கத்துக்கு, முடிவில் அந்த இழுப்பு, மைதானம் மொத்தமும் டேல் டேல் என்று கதறியது, முன்வரிசையில் பெனிட்டா முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

கூட்டம் கலைகிறபோது அவள் மேடைக்கு வந்தாள், வருவேன்னு சொன்னீங்களேப்பா என்றாள், கோபம் இல்லை, அதுதான் பொறுக்கவில்லை, ஆசீருக்குக் குரல் சுத்தமாகப் போயிருந்தது, டேல் அங்கிள் குரலக் கேட்டதும் எனக்கு என்னமோ ஆயிருச்சு, பழைய ரெக்கார்டிங்கா அது என்று கேட்டாள், ஆமாம் என்று தலையாட்டினான், நீங்க உட்கார்ற எடத்தையாவது காட்டுங்க என்றாள், திரைக்குப் பின்னால் கூட்டிப்போனான், ஒரு முக்காலி, இரண்டு அடுக்குக் கீபோர்டு, ஒரு தண்ணீர் பாட்டில், இவ்வளவுதானா என்பதுபோல் பார்த்தாள், வாசிக்கிறவங்களுக்கு எதுக்குப்பா மைக் என்றாள், சவுண்டு பாக்குறவர்ட்ட பேச, அவருக்கு மட்டுந்தான் கேக்கும் என்று காற்றாகச் சொன்னான், இருபத்தாறு வருஷத்துப் பொய், தொண்டை இல்லாவிட்டாலும் வரும், சொல்லிவிட்டு டேலின் பூட்ஸை எடுத்துவைக்க முன்பக்கம் வந்தான், குனிந்து எடுத்தான், டேல் நிற்க வேண்டிய இடத்தைக் காட்ட ஒட்டிய வெள்ளை நாடா காலுக்கடியில் இருந்தது, இத்தனை வருஷத்தில் அந்த நாடாவின் மேல் அவன் நின்றதே இல்லை, அப்போது மேடையின் இரண்டு பக்கமும் கோபுரம்போல் நின்ற ஸ்பீக்கர்களிலிருந்து, அப்பா, என்று மைதானம் முழுக்கக் கேட்டது, சத்தப் பலகையில் இருந்தவன் மைக்கை மூட மறந்துவிட்டான், அன்றைக்கு டெக்சஸில் திறந்த மாதிரியே, பெனிட்டாவுக்கே தூக்கிவாரிப் போட்டிருக்கும், பிறகு மெதுவாக, அவருக்கு மட்டுந்தான் கேக்கும்னு சொன்னீங்க, வயர் சுற்றிக்கொண்டிருந்தவர்கள் தலைதூக்கிப் பார்த்தார்கள், வெளியே போய்க்கொண்டிருந்த ஜனம் திரும்பிப் பார்த்தது, அப்போ ஆச்சி என் காதுல சொன்னது நெசந்தானாப்பா, அது ஒங்க குரல்தானா என்று கேட்டாள் மகள், அந்தப் பெரிய மைதானத்தில் எல்லாருக்கும் கேட்டது, ஒருவருக்கும் புரியவில்லை, ஏதோ ஒரு பாஷை என்று தத்தம் வழியில் போனார்கள், ஆசீர் திரும்பவில்லை, திரும்பினால் உடைந்துபோவான், இருக்கிறேன் என்று சொல்லவும் குரல் இல்லை, பூட்ஸை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், முதுகுக்குப் பின்னால் அந்த ஓட்டையில் அவள் கண் இருப்பது அவனுக்குத் தெரியும், அந்தக் கண்ணுக்குத் தன் முதுகும் இரண்டு கால்களும் தெரியும் என்பதும் தெரியும், வெள்ளைச் சட்டை வியர்த்து ஒட்டியிருந்தது, அவன் இடது குதிகாலை நாடாவிலிருந்து ஒரு விரற்கடை தூக்கினான், ஸ்பீக்கரில் அவள் மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது.